மிஸ்டர் ஃபூஜி கயிற்றை இழுத்த இரவு

ஸ்மாஷ் ஓடுகிறார். கயிற்றில் முதுகைக் கொடுத்து, அது திருப்பித் தரும் விசையோடு வந்து எதிராளி மேல் மோத வேண்டும். மல்யுத்தம் பழகுகிறவன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற வேலை அது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், ஏனென்றால் கயிறு எப்போதும் அங்கேதான் இருக்கும். அன்றைக்கு அது இல்லை. ரிங்கின் விளிம்பில் ஏறி நின்றிருந்த அவருடைய சொந்த மேனேஜர் மிஸ்டர் ஃபூஜி, மேல் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். ஸ்மாஷ் அதற்கு மேலாகப் போய் வெளியே தரையில் விழுந்தார். நடுவர் எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிக்கும் வரை அவரால் உள்ளே வர முடியவில்லை. டேக் டீம் எனப்படும் இருவர் ஜோடி மல்யுத்தத்தின் உலக சாம்பியன்கள், ஸ்மாஷும் ஆக்ஸும் சேர்ந்த டெமாலிஷன், அவுட்.

நாள் 1988 நவம்பர் 24, அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். இடம் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்துக்கும் ஆக்ரனுக்கும் நடுவே வயல்வெளிகளுக்கு மத்தியில் நின்ற ரிச்ஃபீல்ட் கொலிசியம். நிகழ்ச்சி, டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக் கம்பெனி) நடத்திய இரண்டாவது சர்வைவர் சீரிஸ். பத்து டேக் டீம்கள், இருபது பேர், ஒரே ஆட்டம், 42 நிமிடத்துக்கும் கொஞ்சம் கூட. முதல் தடவை பார்க்கிறவருக்கு இது வெறும் தள்ளுமுள்ளாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எப்போது எப்படி வெளியேறினார்கள், அதற்கு முந்தைய மாதம் அவர்கள் என்ன செய்தார்கள், அடுத்த மாதம் என்ன ஆனார்கள் என்று எழுதிப் பார்த்தேன். காரணம் இல்லாமல் ஒருவர்கூட வெளியேறவில்லை. இருபது பேருடைய இரைச்சலை வைத்து ஒரே ஒரு மாற்றத்தை மறைத்துக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

விதி இதுதான். பக்கத்துக்கு ஐந்து டீம். ரிங்குக்குள் பக்கத்துக்கு ஒருவர். மற்ற ஒன்பது பேரும் கயிற்றுக்கு வெளியே விளிம்பில் வரிசையாக நிற்பார்கள். கையைத் தொட்டு யார் வேண்டுமானாலும் யாருக்கும் மாற்றிக்கொள்ளலாம். டீமில் ஒருவர் பின் ஆனாலோ (இரண்டு தோளும் மூன்று எண்ணும் வரை தரையில் அழுந்தினாலோ), கவுன்ட் அவுட் ஆனாலோ (நடுவர் எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குள் திரும்பாவிட்டாலோ), தகுதி இழந்தாலோ அவருடைய ஜோடியும் சேர்ந்தே வெளியேற வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. தனித்தனி ஆளாக நீக்கினால் ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், ஒற்றை ஆளாக நிற்கிறவருக்குக் கதையும் இருக்காது. ஜோடியாக நீக்கினால் ஒன்பதே வெளியேற்றத்தில் முடிந்துவிடும். அதோடு, ஒருவர் செய்த தப்புக்கு மற்றவரும் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஒரு பக்கத்தில் பவர்ஸ் ஆஃப் பெயின் என்கிற வார்லார்டும் பார்பேரியனும், ராக்கர்ஸ், பிரிட்டிஷ் புல்டாக்ஸ், ஹார்ட் ஃபவுண்டேஷன், யங் ஸ்டாலியன்ஸ். இவர்கள் கைதட்டல் வாங்குகிற பக்கம். எதிரே சாம்பியன்கள் டெமாலிஷன், அவர்களோடு பிரெய்ன் பஸ்டர்ஸ், போல்ஷெவிக்ஸ், ரூஜோ சகோதரர்கள், லாஸ் கான்கிஸ்டடோர்ஸ். வில்லன் பக்கம். தொண்ணூறுகளில் டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டு வைத்து விளையாடிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு பேரை உடனே தெரியும்: ஹார்ட் ஃபவுண்டேஷனின் பிரெட் ஹார்ட், ராக்கர்ஸின் ஷான் மைக்கேல்ஸ். 1988-ல் அவர்கள் இருவரும் இருபதில் இரண்டு பேர், அவ்வளவுதான். பிரெட் ஹார்ட் பாதி ஆட்டத்திலேயே வெளியே போய்விட்டார்.

இத்தனை டீம்கள் ஒரே கம்பெனியில் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைப் பார்த்தால் காலம் புரியும். பிரெய்ன் பஸ்டர்ஸ் ஜோடியான ஆர்ன் ஆண்டர்சனும் டல்லி பிளான்சார்டும் அந்த வருடம் செப்டம்பர் வரை போட்டி மல்யுத்தக் கம்பெனியான ஜிம் கிராக்கெட் கம்பெனியில் ஃபோர் ஹார்ஸ்மென் கூட்டத்தில் இருந்தவர்கள். பவர்ஸ் ஆஃப் பெயினும் அதே கோடையில் அங்கிருந்து வந்தவர்கள்தான். கிராக்கெட் கம்பெனியோ கடனில் மூழ்கி, அந்த நவம்பரிலேயே தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் கைக்குப் போனது. ஒரு வீடு சரிந்தபோது அதன் நல்ல தூண்கள் எதிர்வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த மாதிரி. டேக் டீம் மல்யுத்தத்தில் இவ்வளவு ஆழமான வரிசை ஒரே கூரைக்குக் கீழே அதற்குப் பிறகு அமையவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் வெளியேறியவர்கள் ரூஜோ சகோதரர்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே பிரெட் ஹார்ட், ரேமண்ட் ரூஜோவை ஸ்மால் பேக்கேஜ் என்கிற சுருட்டுப் பிடியில் மடக்கிப் பின் செய்தார். ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கும் ரூஜோக்களுக்கும் அப்போது பகை நடந்துகொண்டிருந்தது, ஹார்ட்டின் பழைய மேனேஜர் ஜிம்மி ஹார்ட் ரூஜோக்கள் பக்கம் போயிருந்தார். கதைப்படி பொருத்தம்தான். ஆனால் அந்த வெளியேற்றம் அத்தனை சீக்கிரம் வந்ததற்குக் கதைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு.

அந்த வருடம் உடைமாற்றும் அறையில் பிரிட்டிஷ் புல்டாக்ஸின் டைனமைட் கிட் எல்லார் முன்னிலையிலும் ஷாக் ரூஜோவை அடித்தார். ஷாக் நாள் பார்த்துக் காத்திருந்து திருப்பி அடித்தார். டைனமைட்டின் பற்கள் போயின. இது மேடைக்காகச் செய்தது கிடையாது, நிஜ அடி, நிஜ ரத்தம். இரண்டு பேருமே பின்னாளில் அவரவர் பக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இந்த இரண்டு டீமையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒரே ரிங்கில் நிறுத்த வேண்டும். மல்யுத்தத்தில் எதிராளியின் உடம்பு நம் கையில். தலைகீழாகத் தூக்கியவர் சரியாக இறக்கினால்தான் தூக்கப்பட்டவருக்குக் கழுத்து மிஞ்சும். பகை உள்ளவர்களிடம் அந்தக் கழுத்தை எப்படிக் கொடுப்பது? ரூஜோக்களை முதலில் நீக்கி, புல்டாக்ஸ் ரிங்கில் இருக்கும்போதே அவர்களைக் கட்டடத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு என்று பின்னால் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஆட்டத்தின் முதல் சில நிமிடங்கள் வேறு மாதிரி தெரியும். சாதாரணமாகத் தெரிகிற ஒரு பின்னுக்குப் பின்னால் எவ்வளவு பயம்.

டைனமைட் கிட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு அன்றைக்கு வயது 29, முப்பது ஆக இரண்டு வாரம்கூட இல்லை. 1986 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டனில் நடந்த ஆட்டத்தில் முதுகுத்தண்டு பாழாகி அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை இழுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டியிருந்தார். இந்த ஆட்டத்தில் அவரைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு அசைவிலும் பழைய வேகம் இருக்கிறது. ஆனால் அசைவுக்கும் அசைவுக்கும் நடுவில் எழுந்து நிற்கிற விதத்தில் வலி தெரிகிறது. புல்டாக்ஸ் கடைசிக் கட்டம் வரை தாக்குப்பிடித்து, ஸ்மாஷ் அவரைப் பின் செய்தபோது வெளியேறினார்கள். டபிள்யூடபிள்யூஎஃப்பில் அந்த ஜோடியின் கதை அதோடு முடிந்தது. அவருடைய ஜோடி டேவி பாய் ஸ்மித் 1990-ல் தனியாகத் திரும்பி வந்தார். டைனமைட் வரவில்லை. பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்து, 2018-ல் தன் அறுபதாவது பிறந்த நாளன்றே இறந்தார்.

நடுவில் நடந்தவற்றில் யங் ஸ்டாலியன்ஸ், போல்ஷெவிக்ஸ் இரண்டு டீமும் போனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1987-ல் இதே கொலிசியத்தில் நடந்த முதல் பத்து டீம் ஆட்டத்தில் கடைசி வரை நின்றவர்கள் கில்லர் பீஸும் யங் ஸ்டாலியன்ஸும்தான். ஒரு வருடம் கழித்து அதே ஸ்டாலியன்ஸ் இரண்டாவதாக வெளியேறுகிறார்கள். கம்பெனி யார் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது என்பதை ஜனங்களுக்குச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

ஹார்ட் ஃபவுண்டேஷன் வெளியேறிய விதத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரெட் ஹார்ட், டல்லி பிளான்சார்டைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்து ஜெர்மன் சப்ளெக்ஸ் போடுகிறார். பிளான்சார்ட் தலைக்கு மேலாகப் போய் விழ, பிரெட் உடம்பைப் பாலம் போல வளைத்துப் பிடியை விடாமல் வைத்திருக்கிறார். நடுவர் தரையைத் தட்டி எண்ணுகிறார். மூன்று. பிரெட் ஜெயித்ததாக நினைத்து எழுகிறார். ஆனால் எண்ணிக்கை முடியும் கணத்தில் பிளான்சார்ட் ஒரு தோளை மட்டும் தூக்கியிருக்கிறார். பிரெட்டின் இரண்டு தோளும் தரையில். அவுட் ஆனது பிரெட். கொஞ்ச மாதத்துக்கு முன்பு இன்னொரு கம்பெனியின் அரங்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரன் ஒருவன், புது வீட்டில் தன் கைவரிசையை இந்த ஒரு தோளால் காட்டுகிறான். தோற்ற பிரெட்டுக்கும் மதிப்பு குறையவில்லை, ஏனென்றால் பிடி போட்டவர் அவர்தான்.

அடுத்தது ராக்கர்ஸும் பிரெய்ன் பஸ்டர்ஸும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து அடித்துக்கொள்கிறார்கள், நடுவர் சொன்னாலும் கேட்கவில்லை, இரண்டு டீமையும் தகுதிநீக்கம் செய்கிறார். இங்கேதான் பார்ப்பவர்கள் ‘எல்லாம் கைமீறிப் போய்விட்டது’ என்று நினைக்கிறார்கள். நோட்டில் இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தனை சுத்தமான வேலை. இரண்டு நல்ல டீமும் யாரிடமும் பின் ஆகவில்லை. அவர்களுக்குள் ஒரு பகை பிறந்துவிட்டது, இனி வருகிற மாதங்களில் ஊர் ஊராகக் கொண்டுபோய் டிக்கெட் விற்கலாம். ரிங்கின் விளிம்பில் நான்கு பேர் குறைந்தார்கள், கடைசிக் காட்சிக்கு இடம் கிடைத்தது.

ஒன்பது வெளியேற்றத்தையும் கூட்டிப் பார்த்தால் ஆறு டீம் பின் ஆகிப் போயின, இரண்டு டீம் தகுதி இழந்து போயின, ஒன்றே ஒன்று கவுன்ட் அவுட். அந்த ஒன்று டெமாலிஷன். சாம்பியன்களின் தோள் தரையில் படாமல் அவர்களை வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு ஃபூஜியின் கை தேவைப்பட்டது.

சரி, ஃபூஜி ஏன் அப்படிச் செய்தார்? முதலில் டெமாலிஷன் யார் என்று பார்க்க வேண்டும். ஆக்ஸ் என்கிற பில் ஈடி, முன்பு மாஸ்க்டு சூப்பர்ஸ்டார் என்று முகமூடியோடு ஊர் ஊராக ஆடியவர். ஸ்மாஷ் என்கிற பேரி டார்சோ, கிராக்கெட் கம்பெனியில் ரஷ்யராக வேஷம் போட்டவர். முகத்தில் சாயம், உடம்பெல்லாம் தோல் வார், இரும்புக் குமிழ். 1988 மார்ச்சில், கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவின் நான்காவது பதிப்பில், ஸ்டிரைக் ஃபோர்ஸை வீழ்த்திச் சாம்பியன் ஆனார்கள், அதுவும் ஃபூஜியின் கைத்தடி உதவியோடு. வில்லன்களாக வந்தவர்கள். ஆனால் சில மாதங்களிலேயே ஜனங்கள் அவர்களுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தடதடவென்று உள்ளே வந்து, சுற்றி வளைக்காமல் அடிக்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்காது? எதிர்ப்பக்கம் பவர்ஸ் ஆஃப் பெயினுக்கு நேர் எதிர்மாறான பிரச்சினை. மலை மாதிரி இரண்டு பேர், அவர்களும் முகத்தில் சாயம் பூசியவர்கள், அந்தக் கோடையில் நல்லவர்களாக அறிமுகம் ஆனவர்கள். நல்லவன் அடி வாங்கித் துவண்டு, பிறகு எழ வேண்டும். அப்போதுதான் கூட்டம் அவனோடு சேர்ந்து எழும். இத்தனை பெரிய உடம்புகள் துவள்வதை யார் நம்புவார்கள்?

இரண்டு டீமையும் ஒரே அடியில் இடம் மாற்றிவிட வேண்டும். மல்யுத்த ரசிகர்கள் டபுள் டர்ன் என்பார்கள். மிகவும் அரிதாகத்தான் இது பலிக்கும், ஏனென்றால் பாதிக் கூட்டம் மாறி, பாதிக் கூட்டம் மாறாமல் நின்றால் ஆட்டமே அசடு வழியும். இங்கே அதைச் சுமந்தவர் ஃபூஜி. கயிற்றை இழுத்தார். ஸ்மாஷ் அவுட் ஆனதும் டெமாலிஷன் அவரிடம் நியாயம் கேட்க, கைத்தடியால் அடித்தார். அவர்கள் ஃபூஜியைத் தூக்கித் தரையில் அடித்தார்கள், கூட்டம் அலறியது. விழுந்து கிடந்த ஃபூஜியை யார் தூக்கி நிறுத்தியது? பவர்ஸ் ஆஃப் பெயின். கீழே கிடக்கும் ஒரு கிழவருக்குக் கை கொடுக்கிறார்கள், பார்க்க மனிதாபிமானம் மாதிரிதான் இருக்கிறது. அடுத்த மூன்று நிமிடத்தில் அந்தக் கை எதற்கு என்று தெரிந்துபோகும்.

ஃபூஜியும் ஒரு காலத்தில் டேக் டீம் சாம்பியன். பேராசிரியர் டோரு டனாகாவோடு மூன்று தடவை, மிஸ்டர் சைட்டோவோடு இரண்டு தடவை. ஹவாயில் பிறந்த ஹாரி ஃபுஜிவாரா, ஐம்பத்து நான்கு வயது. கயிற்றை எந்த நொடியில் இழுத்தால் ஓடிவருகிறவர் அடிபடாமல் விழுவார், எந்த நொடியில் இழுத்தால் கழுத்து முறியும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். ஸ்மாஷ் கயிற்றைப் பார்க்காமல் முதுகைக் கொடுத்தது அந்தக் கை மேல் இருந்த நம்பிக்கையில்தான். கதையில் துரோகம், தொழிலில் முழு நம்பிக்கை, இரண்டும் ஒரே அசைவில்.

குறையும் உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். சாம்பியன்களை வைத்திருக்கும் மேனேஜர், பட்டம் இல்லாத டீமுக்காக அவர்களை ஏன் விட வேண்டும்? அன்றைய ஆட்டத்துக்குள் இதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. 1997 ரெஸ்ல்மேனியாவில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் இடம் மாறிய ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மாதக்கணக்காகப் பிரெட்டின் மனக்குறை வளர்ந்துகொண்டே வந்தது. ரத்தத்தில் தோய்ந்த ஆஸ்டின் சரணடையாமல் மயங்கியபோது கூட்டம் தானாகப் பக்கம் மாறியது. ஃபூஜியின் மாற்றத்தில் காரணம் இல்லை, நிகழ்வு மட்டும் இருக்கிறது. ஆனாலும் பலித்ததென்றால், கூட்டம் டெமாலிஷன் பக்கம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதற்கு ஒரு முத்திரைதான் பாக்கி.

இனி கான்கிஸ்டடோர்ஸ். இந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதே இவர்களுக்காகத்தான். ஊனோ, டோஸ் என்று பெயர். ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு. தலை முதல் கால் வரை தங்க நிற உடை, தங்க நிற முகமூடி. எது ஒன்று எது இரண்டு என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. உள்ளே இருந்தவர்கள் ஹோசே லூயிஸ் ரிவேராவும் ஹோசே எஸ்த்ராடாவும், வருடக்கணக்கில் அடுத்தவரை ஜெயிக்க வைத்தே சம்பளம் வாங்கியவர்கள். இருபது பேரில் முதலில் போவார்கள் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்கக்கூடிய டீம். ரூஜோ போனார்கள், போல்ஷெவிக்ஸ் போனார்கள், ஆர்ன் ஆண்டர்சன் போனார், சாம்பியன்களே போனார்கள். தங்க உடை இரண்டு மட்டும் நிற்கிறது.

இது அதிர்ஷ்டம் இல்லை, கட்டாயம். நாற்பது நிமிடத்தில் யாராவது ஒருவர் எந்நேரமும் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நல்லவர்கள் பக்கத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்கள் வித்தையைக் காட்டக் காத்திருக்கிறார்கள். அத்தனை வித்தைக்கும் ஓர் உடம்பு வேண்டும். ராக்கர்ஸ் பறக்கும்போது கீழே நின்று வாங்கியவர்கள் இவர்கள். புல்டாக்ஸ் தூக்கும்போது எடையைச் சரியாகக் கொடுத்தவர்கள் இவர்கள். பெரிய டீம்கள் விளிம்பில் மூச்சு வாங்கியபோது ஆட்டத்தை நகர்த்தியவர்களும் இவர்கள்தான். யாருக்கு எந்த அடி எவ்வளவு உயரத்தில் வரும் என்று அந்த முகமூடிக்குள்ளிருந்து, பக்கவாட்டுப் பார்வைகூட இல்லாமல், தெரிந்து வைத்திருக்கிறார்கள். டெமாலிஷன் போன பிறகு பவர்ஸ் ஆஃப் பெயின் யாரையாவது ஜெயித்தாக வேண்டும், அந்தத் தோல்வி யாருடைய பெயரையும் கெடுக்கக் கூடாது. அதற்கும் இவர்களேதான்.

இந்த மாதிரிப் பத்து டீம் ஆட்டத்தை 1989-ல் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக்கு நான்கு பேர் என்று ஆகிவிட்டது. 2016 நவம்பரில் டொரண்டோவில் அதே கம்பெனியின் இரண்டு பிரிவுகளான ராவுக்கும் ஸ்மாக்டவுனுக்கும் நடுவே திரும்பக் கொண்டுவந்தார்கள், கடைசியில் சிசாரோவும் ஷேமஸும் நின்றார்கள். பழையதன் பாதி நேரம்கூட ஆகவில்லை. முதல் டீம் சில நொடியிலேயே போய்விட்டது. வேகமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கான்கிஸ்டடோர்ஸ் மாதிரி யாரும் இல்லை, எல்லாருக்கும் தன் வித்தையைக் காட்டும் அவசரம். வித்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, எது எதற்காக என்று எனக்கு ஒட்டவே இல்லை.

டெமாலிஷன் 1989 ஏப்ரலில் ரெஸ்ல்மேனியா ஐந்தில் பவர்ஸ் ஆஃப் பெயினோடு ஃபூஜியையும் சேர்த்து மோதி, ஃபூஜியையே பின் செய்து கணக்கைத் தீர்த்தார்கள். பட்டத்தை 478 நாள் வைத்திருந்து, கடைசியில் பிரெய்ன் பஸ்டர்ஸிடம் விட்டார்கள். அந்த 478-ஐ 2016 டிசம்பரில்தான் நியூ டே என்கிற டீம் தாண்டியது. ரிச்ஃபீல்ட் கொலிசியம் 1994-ல் மூடப்பட்டு, 1999-ல் இடிக்கப்பட்டது. அந்த நிலம் இப்போது தேசியப் பூங்காவின் புல்வெளி.

கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். இரண்டு மலைகளுக்கு எதிரே இரண்டு தங்க உடை. கூட்டத்தின் கண் இன்னும் ஃபூஜி மேல்தான், அவர் வெளியே என்ன செய்கிறார் என்பதில்தான். ஒரு கான்கிஸ்டடோர் கயிற்றை நோக்கி ஓடுகிறார். வெளியே நிற்கும் ஃபூஜி அவர் காலைத் தட்டிவிடுகிறார். அவர் விழுகிறார். பார்பேரியன் கயிற்றின் உச்சியிலிருந்து தலையால் மோதுகிறார். அடி மார்பில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக, கீழே கிடப்பவர் தன் உடம்பை ஒரு சாண் நகர்த்திக் கொடுக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று.